சக்கரத்தின் மேல் ஒரு மின்நிலையம்: எண்ணெயா, வாயுவா?

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்குச் செல்லும் சாலை, கோமுகி அணைப் பகுதியைக் கடந்ததும் வளைந்து வளைந்து ஏறத் தொடங்குகிறது. வானோக்கு முகாம் ஒன்றுக்காகக் கல்லூரி மாணவர்களுடன் இச்சாலையில் சென்றேன். நாங்கள் அமர்த்தியிருந்த வண்டிகளுள் ஒன்று, படுக்கை, அடுப்பு, குளிர்பெட்டி, விளக்கு எல்லாம் உள்ளேயே அமைந்த வீட்டு வண்டி. ‘கேரவன்’ என்றால் எல்லோருக்கும் விளங்கும். மேலே சேர்ந்த சிறிது நேரத்தில் அதன் பழைய ஜெனரேட்டர் நின்றுவிட்டது. புதிது வாங்கும் எண்ணத்தில் இருந்த வண்டிக்காரர் என்னிடம் கேட்டார்:

“டீசல்ல ஓடுறதை வாங்கறதா, கேஸ்ல ஓடுறதை வாங்கறதான்னு தெரியல சார். கேஸ்னா புகையே வராதுங்கறாங்க. வண்டிக்குள்ளயே வெச்சுக்கலாம் இல்ல?”

கேள்வியின் பின்பாதி என்னைத் திடுக்கிட வைத்தது. எண்ணெயா, வாயுவா என்னும் வழக்கு நூறாண்டுக்கும் மேற்பட்டது. அதன் வரலாற்றைப் பார்த்தால் அவருக்கான விடையும் கிடைக்கும்.

எஞ்சின்களில் முதலில் பிறந்தது வாயு எஞ்சினே என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். பிரான்சில் லெனுவார் 1860-இல் அமைத்த எஞ்சினும், ஜெர்மனியில் ஆட்டோ 1876-இல் அமைத்த நான்கு வீச்சு எஞ்சினும் நிலக்கரியிலிருந்து எடுத்த வாயுவால் ஓடியவை. ஐரோப்பிய நகரங்களில் தெரு விளக்குகளுக்காகக் குழாய்களில் வந்துகொண்டிருந்த அதே வாயுதான். ஆனால் குழாயுடன் பிணைக்கப்பட்ட எஞ்சின், முளையில் கட்டிய மாடு போன்றது. அதனால் ஊர் சுற்ற முடியாது. கட்டை அவிழ்த்து எஞ்சினை வண்டியில் ஏற்றியது திரவ எரிபொருள். சிறு கொள்கலத்தில் மிகுந்த ஆற்றலை அடக்கும் திறன் அதற்கு உண்டு.

ருடால்ஃப் டீசல் வேறொரு வழியில் சிந்தித்தார். காற்றை மட்டும் உருளைக்குள் இழுத்து மிகக் கடுமையாக அழுத்தினால் அது கொதித்துப்போகும். அதில் எண்ணெயைப் பீய்ச்சினால் தீப்பொறி இல்லாமலே பற்றிக்கொள்ளும். 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் நடந்த சோதனையில் அவருடைய எஞ்சின், எரிபொருளின் வெப்பத்தில் 26 விழுக்காட்டை வேலையாக மாற்றிக் காட்டியது. அக்கால நீராவி எஞ்சின்கள் இதில் பாதியை எட்டவே திணறின. 1900-இல் பாரிஸ் பொருட்காட்சியில் இவ்வகை எஞ்சின் ஒன்று கடலை எண்ணெயில் ஓடியது. மல்லாட்டை விளையும் பழைய தென்னார்க்காட்டு மண்ணைச் சேர்ந்த நமக்கு இச்செய்தி தனிச் சுவை தரும்!

நம் நாட்டுக் கிணற்று மேட்டுக்கு எஞ்சினைக் கொண்டுவர முனைந்தவர்களில் முதன்மையானவர் ஆல்ஃபிரட் சாட்டர்டன். சென்னைப் பொறியியற் கல்லூரியின் பேராசிரியராக இருந்த இவர், 1900-களின் தொடக்கத்தில் செங்கற்பட்டை அடுத்த மெல்ரோஸாபுரத்தில் எண்ணெய் எஞ்சினால் நீர் இறைக்கும் சோதனைகளை நடத்தினார். ஏற்றமும் கவலையும் இறைத்த இடத்தில் எஞ்சின் இறைத்தது. கரியிலிருந்து வாயு எடுத்து ஓடும் எஞ்சின்களையும் அவர் ஆராய்ந்தார். கரி மலிவு, ஆனால் அடுப்பு மூட்ட வேண்டும், சாம்பல் அள்ள வேண்டும், வாயுவைக் கழுவி வடிகட்ட வேண்டும். எண்ணெயோ ஊற்றினால் ஓடும். ஒருவரே பார்த்துக்கொள்ளும் கிணற்றுக்கு எண்ணெயே ஏற்றதாக இருந்தது. பிற்காலத்தில் நம் வயல்களில் ‘டுக் டுக்’ என்று ஒலித்தவையும் டீசல் எஞ்சின்கள்தாம்.

வாயு மீண்டும் சாலைக்கு வந்தது இரண்டாம் உலகப் போரின்போது. பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. ஐரோப்பாவில் இலட்சக்கணக்கான வண்டிகள் விறகுக்கும் கரிக்கும் மாறின. நம் முன்னோர் ‘கரி பஸ்’ என்று நினைவுகூர்வது இதைத்தான். பஸ்ஸின் பின்புறம் உயரமான உருளை அடுப்பு ஒன்று நிற்கும். அதில் கரியைக் கொட்டி, காற்றாடியைக் கையால் சுழற்றி அனல் மூட்டுவர். வாயு வரும்வரை பயணிகள் காத்திருக்க வேண்டியதுதான். சமவெளியில் ஒருவாறு ஓடும். ஏற்றம் வந்தால் பயணிகள் இறங்கித் தள்ளுவர்.

இந்த அடுப்பின் வேதியியலைச் சற்று நின்று கவனிப்போம். கரிக்கு வேண்டிய அளவு காற்றுக் கொடுத்தால் கார்பன் டை ஆக்ஸைடு உண்டாகும். அது எரியாத வாயு, எஞ்சினுக்குப் பயனில்லை. ஆகவே காற்றைக் குறைத்துக் கொடுத்து, உண்டான கார்பன் டை ஆக்ஸைடைச் செந்தணலான கரியின் ஊடே செலுத்துவர். அது கரியுடன் வினைபுரிந்து கார்பன் மோனாக்ஸைடாக மாறும். கரி வாயுவில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இதுதான். பாதிக்கு மேல் வெறும் நைட்ரஜன். ஆகவேதான் பஸ் ஏற்றத்தில் திணறியது. அந்தப் பஸ்ஸின் எரிபொருளே ஒரு நஞ்சு! சுவீடன் நாட்டில் போர்க்காலத்தில் இவ்வண்டிகளைக் கையாண்டவர்களில் பலர் இதனால் நோயுற்றனர். கொட்டகைக்குள் அடுப்பு மூட்டுவதே பெருங்கேடாக முடிந்தது.

கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பற்றுடன் இதைப் பிடித்துக்கொள்கிறது. இந்த உறவை முதலில் ஆராய்ந்தவர்களுள் பிரெஞ்சு அறிஞர் கிளாட் பெர்னார்ட் ஒருவர். பிரிட்டனின் ஹால்டேன் 1890-களில் இவ்வாயுவைத் தாமே சுவாசித்துத் தம் உடலில் நேர்ந்த மாற்றங்களைக் குறித்துக்கொண்டார். சுரங்கங்களுக்குள் சிறு பறவைகளைக் கூண்டில் கொண்டுசெல்லும் வழக்கம் அவருடைய யோசனையால் பரவியது. மனிதனுக்கு மயக்கம் வருமுன் பறவை விழுந்துவிடும்.

போருக்குப் பின் பெட்ரோலும் டீசலும் தாராளமாயின; கரி பஸ் மறைந்தது. மின்கம்பி எட்டாத ஊர்களில் டூரிங் டாக்கீஸ்கள் எண்ணெய் எஞ்சினைக் கொண்டே படம் காட்டின. எஞ்சினைக் கொட்டகையிலிருந்து தள்ளி வைத்து, நீண்ட ஒயரில் மின்சாரம் கொண்டுவருவது வழக்கம். கதாநாயகன் வசனம் பேசும்போது எஞ்சின் குறுக்கே பேசக் கூடாதல்லவா! சத்தத்துக்காக ஏற்பட்ட இத்தூரம், பார்வையாளரின் மூச்சையும் காத்தது.

இனி, வண்டிக்காரர் சொன்ன ‘கேஸ்’. அமெரிக்க வேதியியலார் வால்டர் ஸ்னெல்லிங் 1910-இல் பெட்ரோலிலிருந்து ஆவியாகி வீணாகும் பொருளை ஆராய்ந்தபோது, அதில் புரோப்பேன் இருப்பதைக் கண்டார். மிதமான அழுத்தத்திலேயே இது திரவமாகிவிடுவதால் உருளையில் அடைத்து எடுத்துச் செல்லலாம். குழாய்க்குக் கட்டுப்பட்ட வாயுவின் பழைய குறை இத்துடன் தீர்ந்தது. அமெரிக்காவின் வீட்டு வண்டிகளில் அடுப்புக்கும் குளிர்பெட்டிக்கும் புரோப்பேனே பயன்பட்டதால், ஜெனரேட்டரையும் அதில் ஓட்டுவது அங்கே இயல்பாயிற்று. நம் நாட்டு வரலாறு வேறு. இங்கே சமையல் எரிவாயு என்பது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்தது. அதை மோட்டார் வண்டிக்கு எரிபொருளாக்குவது 2000-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் வரை அனுமதிக்கப்படவில்லை. வீட்டுச் சிலிண்டரை வேனுக்குள் வைத்து ஓட்டித் தீவிபத்தில் சிக்கியோர் உண்டு.

முகாமில் மாணவர்களும் நானும் ஒரு கணக்குப் போட்டோம். வணிகச் சிலிண்டர் ஒன்றில் 19 கிலோ வாயு உண்டு. கிலோவுக்கு 46 மெகாஜூல் எனக் கொண்டால் மொத்தம் 874 மெகாஜூல். சிறிய வாயு ஜெனரேட்டரின் திறன் 20 விழுக்காடு என்று வைத்தால் ஏறக்குறைய 48 யூனிட் மின்சாரம் கிடைக்கும். டீசல் லிட்டருக்கு 36 மெகாஜூல். திறன் 25 விழுக்காடு என்றால் லிட்டருக்கு இரண்டரை யூனிட். அதே 48 யூனிட்டுக்கு 20 லிட்டருக்கும் சற்றுக் குறைவான டீசல் போதும். அதன் எடை 16 கிலோ. வாயுவுக்கோ இரும்புச் சிலிண்டரையும் சேர்த்து 35 கிலோவுக்கு மேல் சுமக்க வேண்டும். டீசல் வண்டியாக இருந்தால் தனிக் கொள்கலமே வேண்டாம். வண்டியின் தொட்டியே போதும். மலையடிவாரத்தில் நிரப்பிக்கொண்டு ஏறலாம். டீசலின் குறைகளையும் சொல்ல வேண்டும்: எடை மிகுந்த எஞ்சின், அதிர்வு, இரைச்சல், புகைநாற்றம், கூடுதல் விலை. வாயு எஞ்சின் இவற்றிலெல்லாம் மேல். ஆனால் வாயு கசிந்தால், அது காற்றைவிடக் கனமானதாகையால், வண்டியின் தளத்தில் குளம்போல் தேங்கி நிற்கும்.

புகையைப் பற்றிய கேள்வி இன்னும் நிற்கிறது. டீசல் எஞ்சினில் எரிபொருளுக்குத் தேவையானதைவிட மிகுதியான காற்று எப்போதும் புகுகிறது. எனவே கார்பன் மோனாக்ஸைடு குறைவாகவே உண்டாகும். கண்ணை உறுத்தும் கரும்புகை வேறு சங்கதி. தீப்பொறி எஞ்சினில் காற்றும் எரிபொருளும் சரிக்குச் சரியாகக் கலக்கின்றன. தூசியால் காற்று வடிகட்டி சற்றே அடைபட்டால் காற்றுக் குறையும். போர்க்கால அடுப்பில் வேண்டுமென்றே செய்தது இங்கே தானாகவே நிகழும். பெட்ரோல் ஜெனரேட்டருக்கு மலையே பகை: பெரிய கல்வராயன் பகுதியின் சராசரி உயரம் நாலாயிரம் அடி. அங்கே காற்றின் அடர்த்தி பத்து விழுக்காட்டுக்கு மேல் குறைவதால், சமவெளிக்கெனத் திருத்திய கார்புரேட்டர் எரிபொருளை மிகையாக ஊட்டும். ஆகவே கண்ணுக்குத் தெளிவான கழிவு வாயுவே அதிக நஞ்சுடையதாக இருக்கக் கூடும். சமையல் வாயுவுக்கு ஊட்டும் நாற்றமும் எரிந்து போவதால், கழிவில் எச்சரிக்கை ஏதும் மிஞ்சாது.

2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நின்றிருந்த கேரவன் ஒன்றில் இருவர் இறந்து கிடந்தனர். ஜெனரேட்டரிலிருந்து உள்ளே புகுந்த கார்பன் மோனாக்ஸைடே காரணம் என்று கோழிக்கோடு தேசியத் தொழில்நுட்பக் கழக வல்லுநர்கள் வண்டியைச் சோதித்துக் கண்டனர். இதைச் சொன்னதும் வண்டிக்காரர் சற்று நேரம் பேசவில்லை.

“அப்போ எதை வாங்கட்டும் சார்?”

இந்த மலைக்கு அடிக்கடி வருவதானால் டீசலே என் தேர்வு என்றேன். இரவு முழுவதும் விளக்கும் மின்விசிறியும் மட்டும் வேண்டுமானால் பகலில் ஏற்றிய மின்கலங்களே போதும். தூங்கும்போது எந்த எஞ்சினும் ஓட வேண்டியதில்லை. எதை வாங்கினாலும் வண்டிக்குள் ஒரு கார்பன் மோனாக்ஸைடு எச்சரிக்கை மணி மாட்டச் சொன்னேன். ஹால்டேனின் பறவைக்கு இன்றைய மாற்று அது.

அன்றிரவுத் தேவைக்கு வெள்ளிமலையில் ஒரு பந்தல்காரரிடம் ஜெனரேட்டர் வாடகைக்குக் கிடைத்தது. டூரிங் டாக்கீஸ் கதையைக் கேட்டிருந்த மாணவர்கள் அதை வண்டியிலிருந்து அறுபது அடி தள்ளி, காற்று வீசும் திசை பார்த்து வைத்தனர். ஒயர்தான் பத்தடி குறைந்தது. இன்னொரு துண்டை முடிச்சுப் போட்டு இணைத்துவிடலாம் என்று ஒருவர் தொடங்க, அதைத் தடுத்து நிறுத்துவது என் அடுத்த வேலையாயிற்று.