பழையதைச் சுமக்கும் பொறி: மெய்நிகர்க் கணினியின் வரலாறும் இணக்கப் பிரச்சினையும்

தொழினுட்பத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அதனைப் புதுப்புனைவுகளின் வரிசையாகவே எழுதிச் செல்கின்றனர். இன்ன ஆண்டில் இன்ன பொறி தோன்றிற்று, அதற்கு முந்தியது வழக்கொழிந்தது என்பதே அவ்வரலாறுகளின் பொதுப் போக்காகும். ஆயின் ஒரு தனியார் முகில் முறைமையைப் பழைய பதிப்பிலிருந்து புதிய பதிப்புக்கு உயர்த்த முனைந்த எவரும் இப்போக்கினை முழுமையாக ஏற்கமாட்டார். சேவையகத்தை நிறுத்திப் புதிய பதிப்பை நிறுவத் தொடங்கியதும், இவ்வன்பொருள் ஆதரிக்கப்படவில்லை என்றும், இவ்விரு பதிப்புக்களும் தம்முள் இணங்கா என்றும் திரையில் வழுச்செய்திகள் தோன்றுகின்றன. பழையது மறைந்துவிடவில்லை, அடித்தளத்திற் கிடந்து புதியதன் நடையைத் தீர்மானிக்கின்றது என்பதையே அவை உணர்த்துகின்றன. இவ்விணக்க வழுக்கள் தற்செயலான தவறுகள்தாமா, அன்றி அவற்றுக்கு ஒரு வரலாற்றுப் பின்னணி உண்டா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் சில எண்ணக்கருக்களைத் தெளிவுபடுத்திக் கொள்ளுதல் அவசியமாகும். ஒரு பௌதிகக் கணினியின்மீது மென்பொருளினாற் பல கணினிகளைத் தோற்றுவித்து, அவை ஒவ்வொன்றும் தனித்த முழுக் கணினி போன்று இயங்குமாறு செய்தலே மெய்நிகராக்கம் எனப்படும். அவ்வாறு தோற்றுவிக்கப்படுவது மெய்நிகர் இயந்திரம். அவற்றைத் தோற்றுவித்து மேற்பார்வை செய்யும் மென்பொருளை மேற்பார்வையாளன் எனலாம். ஒரு நிறுவனம் தன் சொந்தச் சேவையகங்கள் பலவற்றை இவ்வகையில் ஒருங்கிணைத்து, வேண்டுவோர்க்கு வேண்டிய அளவில் இயந்திரங்களைப் பகிர்ந்தளிக்கும் அமைப்பே தனியார் முகில் ஆகும். மென்பொருளை இரும்பின் பிடியிலிருந்து விடுவித்தலே இதன் வாக்குறுதி. அவ்வாக்குறுதி எங்ஙனம் பிறந்தது, எந்த அளவுக்கு நிறைவேறியது என்பதை இனி நோக்குவோம்.

1950களின் இறுதியிலும் 1960களின் தொடக்கத்திலும் கணினி மாற்றம் என்பது நிறுவனங்களுக்குப் பெருந்துன்பமாகவே அமைந்தது. ஒரே உற்பத்தியாளரின் இரு கணினி வகைகள்கூட ஒன்றுக்கொன்று புரியாத மொழிகளிற் பேசின. ஐ.பி.எம். நிறுவனம் 1959இல் அறிமுகஞ் செய்த 1401 கணினி பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் நிறுவப்பட்டது. அதற்கென எழுதப்பட்ட சம்பளப் பட்டியல்களும் கணக்கேடுகளும் பிற வகைகள் பெரும்பாலானவற்றில் ஓடமாட்டா. இந்நிலையை உணர்ந்த ஹனிவெல் நிறுவனம் 1963ஆம் ஆண்டின் இறுதியில் 200 என்னுங் கணினியை அறிவித்தது. 1401இன் நிரல்களை அப்புதிய கணினிக்கு மாற்றித்தரும் மென்பொருளுக்கு அது சூட்டிய பெயர் 'விடுவிப்பவன்' என்னும் பொருள்படுவதாகும். பழைய நிரல்களைத் தாங்கும் ஆற்றல் சந்தைப் போட்டியில் ஓர் ஆயுதம் என்பது அப்பெயரிலேயே வெளிப்பட்டுவிட்டது.

1964 ஏப்ரல் 7ஆந் திகதி ஐ.பி.எம். நிறுவனம் முறைமை/360 என்னுங் கணினிக் குடும்பத்தை அறிவித்தது. ஜீன் அம்டால், பிரெட் புரூக்ஸ், ஜெரிட் பிளாவ் ஆகியோரது வடிவமைப்பில் உருவான இக்குடும்பத்தின் சிறிய கணினியும் பெரிய கணினியும் ஒரே அறிவுறுத்தற் றொகுதியைப் பின்பற்றின. இனிச் சிறியதிலிருந்து பெரியதற்கு மாறுவோர் தம் நிரல்களைத் திருப்பி எழுத வேண்டியதில்லை. ஆயின் இவ்விணக்கம் எதிர்காலத்தை நோக்கியதேயன்றிக் கடந்த காலத்தை நோக்கியதன்று. 1401இன் நிரல்கள் 360இன் அறிவுறுத்தல்களோடு பொருந்தவில்லை. ஆகவே 360இன் சில வகைகளுக்குள்ளே 1401ஐப் போன்று நடந்துகொள்ளும் நுண்நிரல்கள் பொதியப்பட்டன. புதிய பொறியின் வயிற்றுக்குள்ளே பழைய பொறியொன்று குடியிருத்தப்பட்டது. பிற்காலத்து மெய்நிகராக்கத்தின் உள்ளார்ந்த தேவை இங்கேயே தோன்றிவிட்டது எனலாம்.

மெய்நிகர் இயந்திரம் என்பது அதன் முழு வடிவிற் பிறந்தது மசாசுசெற்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் ஐ.பி.எம். அமைத்திருந்த அறிவியல் நிலையத்திலாகும். அக்காலத்தில் ஒரே கணினியைப் பலர் ஒருங்கே பயன்படுத்தும் நேரப்பகிர்வு முறை பெரிதும் விரும்பப்பட்டது. அம்முறைக்கெனத் தனிப் பெரும் மென்பொருளொன்றை எழுத முனைந்த முயற்சிகள் இடர்ப்பட்டன. ரொபேட் கிரீசியின் தலைமையிலான சிறு குழுவினரோ வேறொரு வழியைக் கண்டனர். பயன்படுத்துவோர் ஒவ்வொருவர்க்கும் முழுமையான 360 கணினியொன்றையே தோற்றமாக வழங்கிவிட்டால் என்ன என்பதே அவர்களது எண்ணம். மாற்றியமைக்கப்பட்ட 360 வகை 40 கணினியின்மீது 1967இன் தொடக்கத்திற் பயன்பாட்டுக்கு வந்த சிபி-40 என்னும் முறைமை ஒரே வேளையிற் பதினான்கு மெய்நிகர் இயந்திரங்களைத் தாங்கியது. அதன் வழிவந்த சிபி-67 வகை 67 கணினியில் இயங்கிற்று. 1972 ஓகத்து மாதத்தில் அது விஎம்/370 என்ற பெயருடன் விற்பனைப் பொருளாயிற்று.

இவ்விடத்தில் ஓர் உண்மை கவனிக்கத்தக்கது. விஎம்/370ஐப் பல நிறுவனங்கள் நேரப்பகிர்வுக்காக மட்டும் நாடவில்லை. பழைய பணிசெயல் முறைமையிலிருந்து புதியதற்கு மாறும் இடைக்காலத்தில் இரண்டையும் ஒரே கணினியில் அருகருகே ஓட்டிப் பார்ப்பதற்கும் அது பயன்பட்டது. ஐ.பி.எம். நிறுவனத்தினுள்ளும், மெய்நிகர் நினைவகங் கொண்ட 370 கணினிகள் கட்டி முடிக்கப்படுமுன்பே, அவற்றின் நடத்தையை வகை 67இன்மீது பாவனை செய்து மென்பொருள் எழுதும் பணி தொடங்கப்பட்டிருந்தது. எனவே மெய்நிகர் இயந்திரம் என்பது தன் இளமைக் காலத்திலேயே மாற்றத்தின் கருவியாக, அதாவது மேம்படுத்தலின் துணையாக விளங்கியது. மேம்படுத்தலை இலகுவாக்கிய அத்துணைக்கருவியே பிற்காலத்தில் மேம்படுத்த வேண்டிய சுமையாக மாறியமை இவ்வரலாற்றின் முரண்பாடாகும்.

அம்முரண்பாட்டின் காரணத்தை விளங்கிக் கொள்ள ஒரு கோட்பாடு உதவுகின்றது. 1974இல் ஜெரால்ட் பொபெக், ரொபேட் கோல்ட்பேர்க் ஆகிய இருவரும் எந்தக் கணினியை மெய்நிகராக்க முடியும் என்பதற்கு ஒரு நிபந்தனையை வகுத்தனர். இயந்திரத்தின் நிலையை மாற்றக்கூடிய அல்லது வெளிப்படுத்தக்கூடிய அறிவுறுத்தல் எதனையும் அதிகாரமில்லாத நிரலொன்று நிறைவேற்ற முனைந்தால், அது தடுக்கப்பட்டு மேற்பார்வையாளனின் கைக்குச் செல்லவேண்டும் என்பதே அதன் சாரமாகும். 370 போன்ற பெருங்கணினிகள் இதற்குப் பெரிதும் இணங்கின. ஆனால் 1978இல் வெளிவந்த இன்ரெல் 8086இன் வழிவந்த எக்ஸ்86 முறைவழியாக்கிகள் இணங்கவில்லை. மேசைக் கணினிக்கென வளர்ந்த அக்குடும்பத்தின் வடிவமைப்பில் மெய்நிகராக்கம் கருத்திற் கொள்ளப்படவில்லை. 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு அத்தகைய பதினேழு அறிவுறுத்தல்களைச் சுட்டிக் காட்டியது. அவற்றுள் 'பொப்எஃப்' என்பது நல்லதோர் எடுத்துக்காட்டாகும். அதிகாரமில்லாத நிரலொன்று அதனைக் கொண்டு குறுக்கீட்டுக் கொடியை மாற்ற முனைந்தால், முறைவழியாக்கி தடுப்பதுமில்லை, நிறைவேற்றுவதுமில்லை. அந்த மாற்றத்தை மட்டும் ஓசையின்றிப் புறக்கணித்துவிட்டு மேலே செல்கின்றது. வெளிப்படையாகத் தோற்கும் வழுவினும் ஓசையின்றித் தோற்கும் வழுவே கொடிது என்பதனை முகில் முறைமைகளைப் பராமரிப்போர் இன்றும் அனுபவத்தில் அறிவர்.

இத்தடையை வென்ற வழிகள் மூன்று. ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழக ஆய்விலிருந்து கிளைத்து 1998இல் நிறுவப்பட்ட வி.எம்.வெயர் நிறுவனம், ஆபத்தான அறிவுறுத்தல்களை ஓடும்பொழுதே பெயர்த்தெழுதும் முறையைக் கையாண்டு 1999இல் தன் முதற் படைப்பை வெளியிட்டது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2003இல் விவரிக்கப்பட்ட சென் என்னும் மேற்பார்வையாளனோ, விருந்தினராக வரும் பணிசெயல் முறைமையையே சிறிது திருத்தியெழுதுமாறு கோரிற்று. மூன்றாவது வழி வன்பொருளையே திருத்துதலாகும். 2005இல் இன்ரெல் நிறுவனமும் 2006இல் ஏ.எம்.டி. நிறுவனமும் தம் முறைவழியாக்கிகளில் மெய்நிகராக்கத்துக்கான வசதியைச் சேர்த்தன. அவ்வசதியின்மேல் எழுந்த கேவிஎம் 2007 பெப்ரவரியில் லினக்ஸ் கருவின் அங்கமாயிற்று. ஆக, பெருங்கணினிகள் 1970களிற் பெற்றிருந்த பண்பைச் சிறு கணினிகள் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளின் பின்னரே பெற்றன.

இந்த அடித்தளத்தின்மேலேயே முகில் எழுந்தது. 2010இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவும் ரக்ஸ்பேஸ் நிறுவனமும் இணைந்து தொடங்கிய ஓப்பன்ஸ்ராக், எவரும் தம் சொந்த முகிலை அமைப்பதற்கான திறந்த மென்பொருளை வழங்கியது. கணிப்பு, வலையமைப்பு, சேமிப்பு, அடையாளச் சரிபார்ப்பு எனப் பல சேவைகளாகப் பிரிந்தியங்கும் இம்முறைமையின் புதிய பதிப்பு ஆறு மாதங்களுக்கு ஒருமுறை வெளியிடப்படலாயிற்று. இங்கேதான் இணக்கப் பிரச்சினை புதிய பரிமாணம் பெறுகின்றது. முன்னர்ப் பழைய நிரலுக்கும் புதிய பொறிக்கும் இடையே மட்டும் நிலவிய பிணக்கு, இப்பொழுது முகிலின் அடுக்குகள் யாவற்றுக்கும் இடையே பரவியது.

இப்பிணக்குகளை மூவகையாக வகுத்து நோக்கலாம். முதலாவது, மேற்பார்வையாளனுக்கும் அதன் கீழுள்ள வன்பொருளுக்கும் இடைப்பட்டது. 2020இல் வெளிவந்த வி.எம்.வெயர் ஈஎஸ்எக்ஸ்ஐ 7.0, லினக்ஸ் வழிவந்த பழைய சாதனச் செலுத்திகளுக்கான இடைப்படையைக் கைவிட்டது. அவற்றையே நம்பியிருந்த வலையமைப்பு அட்டைகளும் சேமிப்பு அட்டைகளும் பழுதின்றியே பயனற்றவையாயின. இரண்டாவது, அக்கம்பக்கத்து அங்கங்களுக்கு இடைப்பட்டது. 2021இல் அதே நிறுவனம் ஒரு வலையமைப்புச் செலுத்தியின் பெயரை 'ஐ40இஎன்' என்பதிலிருந்து 'ஐ40இஎன்யு' என மாற்றி, அடுத்த பதிப்பிற் பழைய பெயருக்கே மீண்டது. இரு பெயர்களும் ஒருங்கே தங்கிவிட்ட சேவையகங்களில் மேம்படுத்தல் தடைப்பட்டது. இதுவும் வேறு வழுக்களுஞ் சேர, அவ்வாண்டு நவம்பரில் அப்பதிப்பே மீளப்பெறப்பட்டது. மூன்றாவது, விருந்தினர் இயந்திரத்துக்கும் அதனைத் தாங்கும் சேவையகத்துக்கும் இடைப்பட்டது. ஒரு நிரல் தொடங்கும்பொழுது முறைவழியாக்கியின் ஆற்றல்களை வினவி நினைவிற் கொள்கின்றது. ஓடிக்கொண்டிருக்கையில் அவ்வியந்திரம் பழைய சேவையகமொன்றுக்கு இடம்பெயர்க்கப்பட்டால், அங்கில்லாத அறிவுறுத்தலை அழைத்து வீழ்கின்றது. இதனைத் தவிர்க்கப் புதிய முறைவழியாக்கிகளின் சிறப்பாற்றல்கள் மறைக்கப்படுகின்றன. கூட்டத்தின் மிகப் பழைய பொறிக்கு ஏற்பவே ஏனையவை நடிக்கவேண்டியுள்ளது.

வழுக்களைக் களையும் முறையும் இவ்வரலாற்றிலிருந்தே பெறப்படுவதாகும். சுவடிகளைப் பரிசோதிக்கும் பதிப்பாசிரியர் பாடபேதங்களை ஒப்பிட்டு எப்பிரதியில் வேறுபாடு நுழைந்தது எனத் துணிவதுபோல, இங்கும் ஒவ்வோர் அடுக்கினதும் பதிப்பெண்ணைத் தொகுத்து, எந்த எல்லைக்கோட்டில் இணக்கம் முறிந்தது என்பதை முதலில் அறியவேண்டும். பின்னர் வரிசை பேணப்படவேண்டும். கட்டுப்பாட்டுச் சேவைகள் முதலில், இயந்திரங்களைத் தாங்கும் சேவையகங்கள் அடுத்து, மெய்நிகர் வன்பொருளின் பதிப்பு இறுதியில் என்பதே பொதுவான ஒழுங்கு. மேலுள்ள கட்டுப்பாட்டுச் சேவை தன்னிலும் பழைய சேவையகத்தோடு பேச அறியும். பழைய கட்டுப்பாட்டுச் சேவையோ இன்னும் எழுதப்படாத மொழியை அறியாது. 2014இல் வெளிவந்த ஓப்பன்ஸ்ராக் பதிப்பு, கட்டுப்பாட்டுப் பகுதியை முதலில் உயர்த்திச் சேவையகங்களைப் பின்னர் ஒவ்வொன்றாக உயர்த்த இடமளித்தமை இக்காரணத்தாலேயாம். மெய்நிகர் வன்பொருளின் பதிப்பை உயர்த்திய இயந்திரம் பழைய சேவையகத்திற்குத் திரும்ப இயலாதாகையால், அப்படி இறுதிவரை ஒத்திவைக்கப்படுகின்றது.

எனினும் இப்பிரச்சினை வெறும் செயன்முறைத் திறனோடு முடிவதன்று. பழையதை எவ்வளவு காலம் தாங்குவது என்பதைத் தீர்மானிப்பவர் யார் என்ற வினா எஞ்சி நிற்கின்றது. 1964இல் அத்தீர்மானம் ஐ.பி.எம். நிறுவனத்தின் கையிலிருந்தது. 2023 நவம்பரில் வி.எம்.வெயரை வாங்கிய புரோட்கொம் நிறுவனம், அடுத்த மாதமே நிரந்தர உரிமங்களின் விற்பனையை நிறுத்திச் சந்தா முறையைப் புகுத்தியது. பல்லாண்டுகள் இயங்கவேண்டிய முகிலை அமைத்தவர்கள் தம் காலத்திட்டத்தை வேறொருவரின் வணிகத் திட்டத்துக்கேற்ப மாற்ற நேர்ந்தது. திறந்த மென்பொருளும் இதற்கு முற்றிலும் விலக்கன்று. பைதன் 2இன் ஆதரவு முடிவுற்ற 2020இல் ஓப்பன்ஸ்ராக்கும் அதனைக் கைவிட்டது. பின்தங்கியிருந்த நிறுவனங்கள் நகரவேண்டியதாயிற்று. ஆயினும் வேறுபாடொன்றுண்டு. ஆறு மாதத்துக்கொரு மேம்படுத்தலைப் பலரால் தாங்க முடியவில்லை என்ற குரல் எழுந்தபொழுது, 2023இன் முதற் பதிப்பிலிருந்து ஒரு பதிப்பைத் தாண்டி ஆண்டுக்கு ஒருமுறை உயர்த்தும் வழி அச்சமூகத்தாலேயே வகுக்கப்பட்டது. பயன்படுத்துவோரின் தேவை அங்கு விதியை மாற்றியது.

பணமும் ஆளணியும் குறைந்த நிறுவனங்களுக்கு இவ்வேறுபாடு மிக முக்கியமானது. இயங்கும் நிலையிலுள்ள சேவையகமொன்று ஒரு செலுத்தி நீக்கப்பட்டதனாற் கழிவுப் பொருளாகும்பொழுது, அதன் இழப்பு வசதியுள்ள நிறுவனத்துக்கு ஒரு கணக்குக் குறிப்பு. வசதியற்றதற்கோ பல ஆண்டுகளின் சேமிப்பு. ஆகவே ஒரு முறைமையைத் தெரிவு செய்வோர் அது இன்று என்ன செய்யும் என்பதை மட்டும் நோக்குதல் போதாது. அதன் இணக்க வரலாறு யாது, எத்தனை ஆண்டுகள் தன் பழைய வாக்குறுதிகளைக் காத்தது, அவ்வாக்குறுதியை மீறும் உரிமை யாரிடம் உளது என்பவற்றையும் வினவவேண்டும்.

மெய்நிகராக்கம் மென்பொருளை இரும்பிலிருந்து விடுவிக்கவில்லை. அது சார்ந்திருக்கும் இடத்தையே மாற்றியது. 1401இன் நிரலைத் தாங்கிய நுண்நிரலிலிருந்து தன் ஆற்றலை மறைத்து நடிக்கும் இன்றைய முறைவழியாக்கி வரை நாம் காண்பது ஒரே செயலின் வெவ்வேறு வடிவங்களாகும். திரையிலே தோன்றும் இணக்க வழுவொன்று, முன்னொருகால் ஒருவர் எடுத்த முடிவு இன்னும் உயிரோடிருக்கின்றது என்பதற்கான சான்று. அச்சான்றினைப் படித்தறிதல் பொறியியலாளரின் பணி மட்டுமன்று. வரலாறு பயில்வோரின் பணியுமாகும்.