கிறிஸ்துமஸுக்கும் ஒளிக்கும் என்ன தொடர்பு? ஸ்டார், மெழுகுவர்த்தி, சீரியல் லைட்டுக்குப் பின்னால் இருக்கும் ஆன்மிக அர்த்தம்!

டிசம்பர் மாதம் பிறந்துவிட்டாலே கிறிஸ்தவர்களின் வீட்டு வாசலில் முதலில் ஏறுவது ஸ்டார்தான். அதன் பிறகு குடில், கிறிஸ்துமஸ் மரம், சீரியல் லைட் என ஒவ்வொன்றாக வரும். தேவாலயங்களில் மெழுகுவர்த்தி ஆராதனைகள் நடக்கும். பண்டிகை என்றால் விளக்கு போடுவது வழக்கம்தானே, இதுல என்ன இருக்குன்னு தோன்றலாம்.

ஆனால் கிறிஸ்தவ நம்பிக்கையில் ஒளி என்பது வெறும் அலங்காரம் கிடையாது. இயேசு யார், அவர் எதற்காக வந்தார் என்பதை விளக்க பைபிள் பயன்படுத்தும் முக்கியமான அடையாளமே ஒளிதான். அப்படின்னா 2023-ல் இயேசு பிறந்த ஊரான பெத்லகேமிலேயே விளக்கு அலங்காரம் இல்லாமல் கிறிஸ்துமஸ் நடந்ததே, அதை எப்படிப் புரிஞ்சுக்கிறது? விரிவாகப் பார்க்கலாம்.

பைபிளில் ஒளி எங்கிருந்து தொடங்குகிறது?

பைபிளின் முதல் புத்தகமான ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்திலேயே ஒளி வந்துவிடுகிறது. கடவுள் உலகைப் படைத்தபோது முதல் நாளில் உண்டானது ஒளி. சூரியனும் சந்திரனும் நான்காம் நாளில்தான் வருகின்றன. அதனால்தான் இந்த ஒளியை வெறும் சூரிய வெளிச்சமாகப் பார்க்காமல், கடவுளிடமிருந்து வரும் உயிருக்கும் ஒழுங்குக்குமான அடையாளமாகக் கிறிஸ்தவர்கள் பார்க்கிறார்கள்.

அடுத்து முக்கியமானது ஏசாயா தீர்க்கதரிசியின் புத்தகம். கி.மு. 8-ம் நூற்றாண்டில் வாழ்ந்தவர் ஏசாயா. அசீரியப் பேரரசின் படைகள் அந்தப் பகுதியை மிரட்டிக்கொண்டிருந்த காலம் அது. இருட்டில் நடந்துகொண்டிருக்கும் மக்கள் ஒரு பெரிய வெளிச்சத்தைக் காண்பார்கள் என்று 9-ம் அதிகாரத்தில் அவர் சொல்கிறார். அங்கே இருட்டு என்பது போர், அடிமைத்தனம், பயம். படைவீரர்களின் காலணிகளும் ரத்தம் படிந்த உடைகளும் நெருப்பில் எரிந்துபோகும் என்றும் அதே பகுதி சொல்கிறது. அதற்கடுத்துத்தான் ஒரு குழந்தை பிறக்கும் செய்தி வருகிறது. கத்தோலிக்கத் தேவாலயங்களில் கிறிஸ்துமஸ் நள்ளிரவுத் திருப்பலியின் முதல் வாசகமாக வாசிக்கப்படுவது இந்தப் பகுதிதான்.

பிறப்புக் கதையில் இரண்டு வெளிச்சங்கள்

இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் நற்செய்திப் புத்தகங்கள் நான்கு. அவற்றில் பிறப்புக் கதையைச் சொல்வது மத்தேயுவும் லூக்காவும் மட்டுமே. இரண்டிலும் வெளிச்சம் வருகிறது, ஆனால் வேறு வேறு ஆட்களுக்கு.

லூக்கா சொல்லும் கதையில், இரவு நேரத்தில் வயல்வெளியில் ஆட்டுக்குக் காவல் இருந்த மேய்ப்பர்களைச் சுற்றி வெளிச்சம் வீசுகிறது. குழந்தை பிறந்த செய்தி அவர்களுக்குத்தான் முதலில் சொல்லப்படுகிறது. அரண்மனைக்கோ, எருசலேம் ஆலயத்தின் குருக்களுக்கோ இல்லை. ராத்திரி முழுக்கக் கண்விழித்து வேலை பார்க்கும் ஏழைகளுக்கு.

மத்தேயு சொல்லும் கதையில் வெளிச்சம் நட்சத்திரமாக வருகிறது. கிழக்கிலிருந்து வரும் ஞானிகள் அதைப் பின்தொடர்கிறார்கள். மூன்று ஞானிகள் என்று பொதுவாகச் சொன்னாலும், மத்தேயு எண்ணிக்கை எதையும் சொல்லவில்லை. பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் என மூன்று காணிக்கைகள் இருந்ததால் பிற்காலத்தில் மூன்று பேர் என்றாகிவிட்டது. இவர்கள் வேற்று நாட்டவர்கள். அதாவது இந்த ஒளி ஒரு இனத்துக்கு மட்டுமானது இல்லை என்பதுதான் நட்சத்திரம் சொல்லும் செய்தி.

அதே கதையில் கொடூரமான ஒரு பகுதியும் இருக்கு. தனக்குப் போட்டியாக ஒரு ராஜா பிறந்துவிட்டார் என்று பயந்த ஏரோது மன்னன், பெத்லகேமிலும் சுற்றுவட்டாரத்திலும் இரண்டு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகளைக் கொல்ல உத்தரவிடுகிறான். யோசேப்பும் மரியாளும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாக எகிப்துக்குத் தப்பிப் போகிறார்கள். வாசலில் நாம் பார்க்கும் ஸ்டார் வருவது இந்தக் கதையிலிருந்துதான்.

இருட்டு இல்லைன்னு பைபிள் சொல்லலை

யோவான் எழுதிய நற்செய்தியில் தொழுவமும் இல்லை, மேய்ப்பர்களும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. 'வார்த்தை'யில் தொடங்கி, சில வரிகளிலேயே ஒளிக்கு வந்துவிடுகிறது. உலகுக்குள் வந்த ஒளியாக இயேசுவை அது காட்டுகிறது. ஒளி இருளுக்குள்ளே பிரகாசிக்கிறது என்றும், இருளால் அதை ஒன்றும் செய்ய முடியவில்லை என்றும் முதல் அதிகாரம் சொல்கிறது. இந்த இடத்தில் வரும் கிரேக்கச் சொல்லுக்கு 'புரிந்துகொள்ளுதல்' என்றும் பொருள் உண்டு, 'மேற்கொள்ளுதல்' என்றும் பொருள் உண்டு. அதனால்தான் மொழிபெயர்ப்புகளில் இந்த வரி வேறு வேறு மாதிரி இருக்கிறது.

கவனிக்க வேண்டிய விஷயம் இதுதான். இருட்டே காணாமல் போய்விட்டது என்று யோவான் சொல்லவில்லை. இருட்டு இருக்கிறது, அதற்குள் ஒளியும் இருக்கிறது என்கிறார். கிறிஸ்துமஸ் ஒளிக்கு இறையியலாளர்கள் தரும் விளக்கத்தின் மையம் இதுவே. கஷ்டமே வராது என்ற உத்தரவாதத்தை கிறிஸ்துமஸ் தரவில்லை. கஷ்டத்துக்குள் கடவுள் நம்மோடு வந்து நிற்கிறார் என்பதே அதன் நம்பிக்கை. இயேசுவுக்கு மத்தேயு சொல்லும் இம்மானுவேல் என்ற பெயரின் பொருளும் இதுதான்: கடவுள் நம்மோடு இருக்கிறார்.

இன்னொரு பக்கமும் உண்டு. தன்னை உலகின் ஒளி என்று இயேசு சொன்னதாக யோவான் எழுதுகிறார். சீடர்களைப் பார்த்து நீங்களும் உலகுக்கு வெளிச்சம் என்று இயேசு சொன்னதாக மத்தேயு எழுதுகிறார். விளக்கை ஏற்றி யாரும் மரக்காலுக்குக் கீழே மூடி வைக்க மாட்டார்கள் என்ற உவமையும் அங்கேதான் வருகிறது. எனவே ஒளி என்பது பெற்றுக்கொள்வதோடு முடிவதில்லை. அடுத்தவருக்குக் கொடுப்பதும் அதில் சேர்த்தி.

டிசம்பர் 25 எப்படி வந்துச்சு?

இயேசு பிறந்த தேதி பைபிளில் இல்லை. டிசம்பர் 25-ஐக் குறிப்பிடும் பழைய ஆவணங்களில் முக்கியமானது ரோமில் கி.பி. 354-ல் தொகுக்கப்பட்ட ஒரு நாள்குறிப்பு. இந்தத் தேதி எப்படி வந்தது என்பதில் அறிஞர்களிடையே இரண்டு கருத்துகள் உண்டு.

முதல் கருத்து: ரோமானிய நாட்காட்டியில் டிசம்பர் 25 குளிர்காலத்தின் திருப்பமாகக் கருதப்பட்ட நாள். அதன் பிறகு பகல் நீளத் தொடங்கும். பேரரசர் அவுரேலியன் கி.பி. 274-ல் வெல்ல முடியாத சூரியன் வழிபாட்டுக்கு முக்கியத்துவம் கொடுத்தார். அந்தச் சூரிய விழாவின் இடத்தில் கிறிஸ்தவர்கள் தங்கள் 'உண்மையான ஒளி'யின் விழாவை வைத்தார்கள் என்பது இந்தத் தரப்பு.

இரண்டாவது கருத்து: மரியாள் கருவுற்ற நாளும் இயேசு சிலுவையில் இறந்த நாளும் மார்ச் 25 என்று பழைய கிறிஸ்தவர்கள் சிலர் கணக்கிட்டார்கள். அதிலிருந்து ஒன்பது மாதம் எண்ணினால் டிசம்பர் 25 வரும்.

எது சரி என்பதில் விவாதம் இன்னும் முடியவில்லை. ஆனால் வடக்கு நாடுகளில் நீண்ட இரவுகள் குறையத் தொடங்கும் நேரத்தில் பண்டிகை வருவதால், ஒளியின் அர்த்தம் அங்கே இன்னும் ஆழமாக வேரூன்றிவிட்டது. ஸ்வீடனில் டிசம்பர் 13 அன்று பெண் பிள்ளைகள் தலையில் மெழுகுவர்த்திக் கிரீடம் அணிந்து புனித லூசியாவின் நாளைக் கொண்டாடுவது இதற்கு நல்ல உதாரணம்.

நான்கு மெழுகுவர்த்திகள் எதற்காக?

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளை உள்ளடக்கிய காலம் திருவருகைக்காலம் எனப்படுகிறது. அப்போது பச்சை இலை வளையத்தில் நான்கு மெழுகுவர்த்திகள் வைத்து, வாரத்துக்கு ஒன்றாக ஏற்றுவார்கள். பல திருச்சபைகளில் மூன்று ஊதா நிறத்திலும் ஒன்று ரோஜா நிறத்திலும் இருக்கும். நம்பிக்கை, அமைதி, மகிழ்ச்சி, அன்பு என்று அவற்றுக்கு அர்த்தம் சொல்வார்கள். சில இடங்களில் நடுவில் வெள்ளை மெழுகுவர்த்தி ஒன்று வைத்து, கிறிஸ்துமஸ் அன்று ஏற்றுவார்கள்.

இந்த வழக்கம் 1839-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் தொடங்கியது. ஆதரவற்ற ஏழைப் பிள்ளைகளுக்காக அங்கே ஒரு இல்லம் நடத்திவந்தார் யோஹான் ஹின்ரிக் விக்கெர்ன் என்ற லுத்தரன் போதகர். கிறிஸ்துமஸ் எப்போ வரும், எப்போ வரும் என்று பிள்ளைகள் தினமும் கேட்டுக்கொண்டே இருந்தார்களாம். அதற்காக ஒரு வண்டிச் சக்கரத்தை எடுத்து, ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளை மெழுகுவர்த்திகளும் மற்ற நாட்களுக்குச் சிறிய சிவப்பு மெழுகுவர்த்திகளும் பொருத்தினார். ஒரு நாளைக்கு ஒன்று ஏற்றினால் எத்தனை நாள் மிச்சம் இருக்கு என்று பிள்ளைகளே எண்ணிக்கொள்ளலாம். காத்திருப்பைத் தாங்கிக்கொள்ள ஏற்றப்பட்ட வெளிச்சம் அது.

ஸ்டாரும் சீரியல் லைட்டும்

பல முனைகள் கொண்ட, உள்ளே விளக்கு எரியும் காகித நட்சத்திரத்தின் தொடக்கமும் ஜெர்மனிதான். மொரேவியன் திருச்சபையினர் நடத்திய பள்ளியில் 19-ம் நூற்றாண்டில் மாணவர்களுக்கு வடிவியல் கற்றுக்கொடுக்க இந்த நட்சத்திரத்தைச் செய்ய வைத்தார்கள். பின்னர் அது வீடுகளுக்கும் தேவாலயங்களுக்கும் பரவியது.

சீரியல் லைட்டின் கதை இன்னும் பிந்தையது. எடிசனின் கூட்டாளியான எட்வர்ட் ஜான்சன், 1882-ல் நியூயார்க்கில் உள்ள தன் வீட்டுக் கிறிஸ்துமஸ் மரத்தில் சிவப்பு, வெள்ளை, நீல நிறங்களில் 80 மின்விளக்குகளைத் தொங்கவிட்டார். அதற்கு முன்பு மரத்தில் நிஜ மெழுகுவர்த்திகளைத்தான் வைப்பார்கள். தீப்பிடிக்கும் ஆபத்தும் கூடவே இருந்தது.

விளக்கு போடாத கிறிஸ்துமஸ்

இப்போது பெத்லகேம் கேள்விக்கு வருவோம். 2023-ல் காஸா போர் நடந்துகொண்டிருந்ததால், பெத்லகேமில் வழக்கமான கொண்டாட்டங்கள் ரத்து செய்யப்பட்டன. பிறப்பிட ஆலயத்துக்கு எதிரே உள்ள சதுக்கத்தில் பெரிய மரமும் இல்லை, விளக்கு அலங்காரமும் இல்லை. அங்குள்ள லுத்தரன் தேவாலயம் ஒன்றில் குழந்தை இயேசுவின் உருவத்தைத் தொழுவத்துக்குப் பதிலாக இடிபாடுகளுக்கு நடுவே வைத்தார்கள். ஆனால் வழிபாடுகள் நிற்கவில்லை. விளக்கை அணைத்ததன் மூலம், கிறிஸ்துமஸின் முதல் கதை நடந்த சூழ்நிலையை அந்த ஊர் உலகுக்கு நினைவுபடுத்தியது.

இதற்கு நேர்மாறாக, ஒரே ஒரு மெழுகுவர்த்தி பேசிய கிறிஸ்துமஸும் உண்டு. 1981 டிசம்பர் 13 அன்று போலந்தில் ராணுவச் சட்டம் அறிவிக்கப்பட்டது. அந்தக் கிறிஸ்துமஸ் முன்தின இரவில், போலந்தைச் சேர்ந்தவரான போப் இரண்டாம் ஜான் பால், வாடிகனில் தன் ஜன்னலில் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்தார். அமெரிக்கர்களும் ஜன்னலில் மெழுகுவர்த்தி வைக்குமாறு அதிபர் ரீகன் கேட்டுக்கொண்டார். ஒடுக்கப்பட்ட மக்களோடு நிற்கிறோம் என்பதே அதன் பொருள்.

தமிழ்நாட்டுக்கும் இப்படி ஒரு நினைவு இருக்கு. 2004-ல் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை சுனாமி தாக்கியது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பண்டிகைக்காக வேளாங்கண்ணிக்கு வந்திருந்த பக்தர்கள் பலரும் அதில் அடக்கம். கடலோர ஊர்களில் டிசம்பர் 26 அன்று இன்றும் மெழுகுவர்த்தி ஏற்றி அஞ்சலி செலுத்துகிறார்கள். அங்கெல்லாம் கிறிஸ்துமஸ் மெழுகுவர்த்திக்கும் அஞ்சலி மெழுகுவர்த்திக்கும் இடையே ஒரே ஒரு இரவுதான்.

துக்கத்தில் இருப்பவர்களுக்காகவே சில வெளிநாட்டுத் திருச்சபைகள் டிசம்பர் 21-ஐ ஒட்டி, ஆண்டின் நீண்ட இரவில் தனி ஆராதனை நடத்துகின்றன. இழந்தவர்களின் நினைவாக அங்கே மெழுகுவர்த்தி ஏற்றப்படும். எல்லோரும் சந்தோஷமா இருக்கும்போது நாமும் சிரித்துத்தான் ஆகணும் என்ற கட்டாயம் அங்கே கிடையாது.

விளக்கு எப்போது இறங்கும்?

ஞானிகள் குழந்தையைக் கண்ட நிகழ்வு ஜனவரி 6 அன்று நினைவுகூரப்படுகிறது. பலர் அதோடு அலங்காரத்தை இறக்கிவிடுவார்கள். ஆனால் ஒளியின் வரிசை அங்கே முடியவில்லை. கிறிஸ்துமஸிலிருந்து 40-ம் நாளான பிப்ரவரி 2 அன்று, குழந்தை இயேசுவை ஆலயத்தில் அர்ப்பணித்த விழா வருகிறது. அங்கே சிமியோன் என்ற முதியவர் குழந்தையைக் கையில் ஏந்தி, எல்லா இனத்தாருக்கும் ஒளி என்று அதைப் புகழ்ந்ததாக லூக்கா சொல்கிறார். அன்று கத்தோலிக்கத் தேவாலயங்களில் மெழுகுவர்த்திகள் மந்திரித்துத் தரப்படுகின்றன.

பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷம், சூரியனோ விளக்கோ தேவைப்படாத புதிய எருசலேம் நகரத்தைப் பற்றிப் பேசுகிறது. அங்கே கடவுளே வெளிச்சம். தரங்கம்பாடியில் சீகன்பால்கு காலத்தில், 1718-ல் கட்டி முடிக்கப்பட்ட ஆலயத்தின் பெயரும் புதிய எருசலேம் ஆலயம்தான்.

சுருக்கமாக: எந்த ஒளி எதைக் குறிக்கிறது?

* ஸ்டார்: ஞானிகளுக்கு வழிகாட்டிய நட்சத்திரம். எல்லா மக்களுக்குமான அழைப்பு.
* திருவருகைக்கால மெழுகுவர்த்திகள்: காத்திருப்பு, வாரம்தோறும் வளரும் நம்பிக்கை.
* நடுவில் உள்ள வெள்ளை மெழுகுவர்த்தி: இயேசு கிறிஸ்து.
* குடிலின் விளக்கு: ஏழ்மையான இடத்தில் இறங்கி வந்த கடவுள்.
* ஒருவரிடமிருந்து ஒருவர் ஏற்றும் மெழுகுவர்த்தி: பெற்ற ஒளியைப் பகிர்வது.

மெழுகுவர்த்தி ஆராதனையில் முதலில் தேவாலய விளக்குகளை அணைப்பார்கள். பீடத்தில் எரியும் ஒரு சுடரிலிருந்து முதல் வரிசை, அங்கிருந்து அடுத்த வரிசை என்று கடைசி ஆள் வரை வெளிச்சம் போகும். கொடுத்தவரின் சுடர் அதனால் குறைவதில்லை. ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் ஏழைகளுக்கு உணவும் உடையும் கொடுப்பது, நோயாளிகளையும் முதியோர் இல்லங்களில் இருப்பவர்களையும் போய்ப் பார்ப்பது போன்ற வழக்கங்களை இதன் தொடர்ச்சியாகவே திருச்சபைகள் கருதுகின்றன.