ஆண்ட்ரியா டோரியா (மூழ்கிய கப்பல்)

அமெரிக்காவின் நான்டக்கெட் தீவுக்குத் தெற்கே, அட்லாண்டிக் கடலில் சுமார் 75 மீட்டர் ஆழத்தில் கிடக்கும் இத்தாலியப் பயணிகள் கப்பல். 1956 ஜூலை 25 இரவு மூடுபனியில் ‘ஸ்டாக்ஹோம்’ என்ற சுவீடன் நாட்டுக் கப்பல் இதன் வலப்பக்கத்தில் மோதியது. மறுநாள் காலை இது மூழ்கியது. இரு கப்பல்களிலுமாக 51 பேர் இறந்தனர்.

ஸ்கூபா முக்குளிப்பு வட்டாரத்தில் இதற்கு ‘எவரெஸ்ட்’ என்று பெயர். பொழுதுபோக்கு முக்குளிப்புக்கு வழக்கமான எல்லை 40 மீட்டர். இங்கோ அடித்தளத்தில் நீரழுத்தம் கடல்மட்டத்தைப் போல எட்டு மடங்குக்கும் மேல். அந்த ஆழத்தில் சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் நைட்ரஜன் போதைபோல் புத்தியை மழுக்கும். ஆக்சிஜனே நஞ்சாகி வலிப்பை உண்டாக்கும். ஆகவே ஹீலியம் சேர்த்த ‘டிரைமிக்ஸ்’ வாயுக்கலவை பயன்படுகிறது. அடியில் இருப்பது பெரும்பாலும் அரைமணிக்கும் குறைவு. மேலேறும்போதோ, இரத்தத்தில் கரைந்த வாயு குமிழியாகாமல் வெளியேற, நங்கூரக் கயிற்றைப் பிடித்தபடி படிப்படியாக ஒரு மணிக்கு மேல் குளிரில் காத்திருக்க வேண்டும். நீர்புகா உடை இல்லாமல் இது நடவாது.

வலுவான நீரோட்டம், கலங்கல், சிக்கவைக்கும் மீன்வலைகள், இற்றுச் சரியும் தளங்கள் ஆகியவையும் உண்டு. பன்னிரண்டுக்கும் மேற்பட்ட முக்குளிப்பாளர்கள் இங்கே உயிரிழந்துள்ளனர். இத்தனைக்கும் பலர் தேடிப் போனது முதல் வகுப்புப் பீங்கான் தட்டுகளைத்தான். முக்குளிப்பாளர் பீட்டர் கிம்பெல் 1981இல் மீட்ட கப்பலின் பெட்டகம் 1984இல் தொலைக்காட்சியில் திறக்கப்பட்டது. உள்ளே பெரும்பாலும் பணத்தாள்களே இருந்தன.