விலைக்கு வந்த பதவி, கூர் தீட்டிய வாள்

குதிரைப்படைச் சண்டை இருக்கும் ஆங்கிலப் படம் என்றால் எனக்குக் கொஞ்சம் கிறுக்கு. வீட்டில் "மறுபடியும் குதிரையா?" என்று எழுந்து போய்விடுவார்கள். அப்படி நான் பலமுறை பார்த்த படம், டோனி ரிச்சர்ட்சன் 1968-ல் எடுத்த 'தி சார்ஜ் ஆஃப் தி லைட் பிரிகேட்'.

இதே பெயரில் 1936-லும் ஒரு படம் வந்தது. எரால் ஃப்ளின் ஹீரோ. சூரத் கான் என்று இல்லாத ஒரு இந்திய ராஜாவை வில்லனாக்கி, அவனைப் பழிவாங்கத்தான் அந்தப் பாய்ச்சலே நடந்தது என்று கதை கட்டியிருப்பார்கள். அதை விட்டுவிடுவோம்.

நிஜத்தில் நடந்தது கிரிமியப் போரில், பாலக்லாவாவில், 1854 அக்டோபர் 25 அன்று. குன்றின் மேல் நின்ற தளபதி ராக்லன், எதிரி பீரங்கிகளைக் கொண்டுபோகாமல் தடுக்கச் சொல்லிக் குதிரைப்படைக்கு ஒரு துண்டுச் சீட்டு அனுப்புகிறார். எந்தப் பீரங்கிகள் என்று சீட்டில் இல்லை. மேலே நிற்பவருக்குத் தெரிந்தது, கீழே பள்ளத்தாக்கில் இருந்த லூக்கன் பிரபுவுக்குத் தெரியவில்லை. (தலைமை அலுவலக சர்க்குலர் படித்துப் பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டாம்!) சீட்டைக் கொண்டுவந்த கேப்டன் நோலனிடம் கேட்டால், அவர் கோபமாகக் கையை வீசிக் காட்டினார். லூக்கனின் மைத்துனர் கார்டிகன் பிரபு முன்னால் போக, சுமார் 670 குதிரை வீரர்கள் பள்ளத்தாக்கின் கடைசியில் இருந்த ரஷ்யப் பீரங்கிகளை நோக்கி நேராகப் பாய்ந்தார்கள். ஏறத்தாழ 110 பேர் செத்தார்கள். குதிரைகள் 300-க்கு மேல். முதலில் விழுந்தவர்களில் ஒருவர் நோலன். மைத்துனர்கள் இருவருக்கும் பேச்சுவார்த்தையே சரியில்லை என்பது ராணுவம் முழுக்கத் தெரிந்த விஷயம்.

பிறகு இவர்களிடம் ஏன் படையைக் கொடுத்தார்கள்? காமர்ஸ் படித்த எனக்கு ருசியான பகுதி இதுதான். அன்றைய பிரிட்டிஷ் ராணுவத்தில் அதிகாரி பதவியைக் காசு கொடுத்து வாங்கலாம். அரசு நிர்ணயித்த விலை ஒன்று, அதற்கு மேல் கைமாறும் 'ஆன் மணி' வேறு. ஓய்வு பெறும்போது அடுத்தவருக்கு விற்றுப் பணத்தை எடுத்துக்கொள்ளலாம். கிட்டத்தட்ட வீட்டுமனை மாதிரி. 1836-ல் 11-வது டிராகூன்ஸ் படைப்பிரிவின் தலைமைக்குக் கார்டிகன் 40,000 பவுண்டு கொடுத்தார் என்பது அந்தக் காலத்துப் பேச்சு. அதற்கு இரண்டு வருடம் முன்புதான் இன்னொரு படைப்பிரிவின் தலைமையிலிருந்து அவரை நீக்கியிருந்தார்கள். நம் ஊரில் டிபால்டர் ஆனவருக்கு அடுத்த கிளையில் லோன் கிடைத்த மாதிரி.

அவர் வாங்கிய படைப்பிரிவு பல வருடம் இந்தியாவில் இருந்தது. அதனால் அங்கே வேலை கற்ற அதிகாரிகள் நிறையப் பேர். வசதியில்லாதவர்களுக்கு இந்தியாதான் கட்டுப்படியாகும். பணக்காரர்கள் இந்தியாவுக்கு மாற்றல் என்றாலே வேறு படைப்பிரிவுக்கு நழுவிவிடுவார்கள். இந்த 'இந்திய அதிகாரிகளை'க் கார்டிகனுக்கு ஆகவே ஆகாது. 1840-ல் விருந்து மேஜையில் கறுப்புப் பாட்டிலில் ஒயின் வைத்ததற்காகக் கேப்டன் ரெனால்ட்ஸைப் படாதபாடு படுத்தினார். படத்தில் அது நோலனுக்கு நடப்பதாக மாற்றியிருக்கிறார்கள். நோலன் கார்டிகனின் படைப்பிரிவிலேயே இருந்ததில்லை. ஆனால் அந்த இளக்காரம் நிஜம், டிரெவர் ஹோவர்ட் அதைப் பிரமாதமாகச் செய்திருப்பார்.

நோலனுடைய இந்திய வருடங்கள் நம் சென்னை மாகாணத்தில் கழிந்தவை. மதராஸ் கவர்னரிடம் ஏ.டி.சி.யாகவும் இருந்தார். அவர் 1853-ல் வெளியிட்ட குதிரைப்படைப் புத்தகத்தில், நான் இப்போது வசிக்கும் இந்த ஹைதராபாத் பக்கத்துச் சங்கதி ஒன்று வருகிறது. நிஜாமின் குதிரை வீரர்கள் ஒரு சண்டையில் வாளால் கையையும் தலையையும் துண்டாக வெட்டியிருந்தார்கள். அப்படி என்ன விசேஷ வாள் என்று நோலன் விசாரித்தார். எல்லாம் ஆங்கிலக் குதிரைப்படை கழித்துக் கட்டிய பழைய வாள்கள்! இவர்கள் வேறு பிடி போட்டு, சவரக்கத்தி போலத் தீட்டி, மர உறையில் வைத்திருந்தார்கள். சண்டைக்கு மட்டும்தான் உருவுவார்கள். ஆங்கிலேயர்களோ இரும்பு உறையில் போட்டு, அணிவகுப்புக்கெல்லாம் உருவி உருவி முனையை மழுக்கிவிட்டார்கள்.

சண்டை எங்கே என்று காத்திருப்பவர்களுக்கு இந்தப் படம் ஏமாற்றம்தான், பாய்ச்சல் கடைசியில்தான் வரும். அதற்கு முந்தைய பகுதியைப் பொறுமையாகப் பாருங்கள். சீருடையின் இறுக்கம், விருந்து, சாட்டையடி, யார் யாரை மதிப்பதில்லை என்பதெல்லாம் அங்கேதான் இருக்கிறது. நடுநடுவே வரும் ரிச்சர்ட் வில்லியம்ஸின் கார்ட்டூன் பகுதிகளைக் குழந்தைகளும் ரசிப்பார்கள்.

கார்டிகன் பெரிய காயம் எதுவும் இல்லாமல் திரும்பி, துறைமுகத்தில் நின்ற தன் சொந்த உல்லாசப் படகுக்குத் தூங்கப் போனார். 1855-ல் குதிரைப்படைக்கே தலைமைக் கண்காணிப்பாளர் ஆனார். 1868-ல் குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். பதவி விற்பனை ஒழிந்தது 1871-ல். அப்போதும் கைவசம் பதவி வைத்திருந்த அதிகாரிகளுக்கு, போட்ட பணத்தை அரசாங்கமே செட்டில் செய்தது.