தீர்ப்பு யார் சொல்வது?

நான் வளர்ந்தது மதுரை ஆரப்பாளையம். தீபாவளின்னா எங்க வீட்ல இட்லி, கறிக்குழம்பு, டிவியில சாலமன் பாப்பையா பட்டிமன்றம். வைகைக்கு அந்தப் பக்கம் இருக்கிற அமெரிக்கன் கல்லூரியில் அவர் தமிழ்ப் பேராசிரியராக இருந்தார் என்பது பின்னாடிதான் எனக்குத் தெரிஞ்சது.

1823-ல் தொடங்கிய ஆக்ஸ்ஃபோர்டு யூனியனில் விவாதம் முடிஞ்சதும் ஓட்டெடுப்பு நடக்கும். நம்ம ஊர்ல நடுவர் தீர்ப்பு சொல்வார். 'பட்டிமண்டபம்' என்ற சொல் மணிமேகலையிலேயே இருக்கு; அது அறிஞர்கள் வாதம் செய்த இடம். 1939-ல் சா. கணேசன் காரைக்குடியில் கம்பன் கழகம் தொடங்கினார். கம்பன் விழா மேடைகளில் ராமாயணப் பாத்திரங்கள் மேல் வழக்கு நடந்தது. குன்றக்குடி அடிகளார் சமுதாயப் பிரச்சினைகளையும் பட்டிமன்றத்துக்குள் கொண்டுவந்தார். பாப்பையா அதை மதுரைப் பேச்சுத்தமிழில் குடும்பத்துக்குள்ளேயே கூட்டிட்டு வந்தார். எழுதப் படிக்கத் தெரியாத என் அப்பத்தாகூட ஒரு கட்சி எடுத்து வாதாடும்.

ஆனா ஒண்ணு உறுத்துது. பெரும்பாலும் ரெண்டு பக்கமும் மனசு கோணாத மாதிரி தீர்ப்பு வரும். நாமளும் சிரிச்சுட்டு எந்திரிச்சிடுவோம். கல்லூரியில் எனக்குப் பிடிக்காத கட்சியைப் பேசச் சொன்னாங்க. மூணு நாள் தயார் பண்ணினேன். தோத்துட்டேன், ஆனா எதிராளி ஏன் அப்படி நினைக்கிறான்னு அன்னைக்குத்தான் புரிஞ்சது. நம்ம வாட்ஸ்அப் குரூப்ல நடுவரும் இல்லை, கட்சி மாறிப் பேசிப் பார்க்கிற பழக்கமும் இல்லை. ஒருதடவை முயற்சி பண்ணிப் பாருங்களேன்.