கமகக் குறியீடுகளும் பியானோ இசைத்தாளும்

கர்நாடக இசையில், எழுதிய சுரத்தை எப்படி அசைக்க வேண்டும், எங்கே வழுக்க வேண்டும், எதைத் தொட்டு வர வேண்டும் என்று காட்டும் சிறு அடையாளங்கள் கமகக் குறியீடுகள். பியானோ இசைத்தாளில் டிரில், மார்டென்ட், டர்ன் ஆகியவற்றின் குறிகள் இதே வேலையைச் செய்கின்றன. இரண்டுமே புதிதாய்ப் பார்ப்பவரை மிரட்டும்.

ஐரோப்பாவிலும் இவை எல்லோருக்கும் பொதுவாக இருந்ததில்லை. பிரெஞ்சுக்காரர் கூப்பரன் 1713இல் தம் நூலோடு குறிகளுக்கு ஓர் அட்டவணையும் அச்சிட்டார். பாக் 1720இல் தொடங்கிய, மூத்த மகனுக்கான பாட நோட்டிலும் அப்படியொன்று உண்டு. மார்டென்ட் குறியில், சின்ன நெளிகோட்டின் குறுக்கே ஒரு கீற்று இருந்தால் கீழ்ச்சுரத்தைத் தொட்டு மீள வேண்டும்; கீற்று இல்லாவிட்டால் விரல் மேற்சுரத்துக்குப் போகும். இரண்டு சுரங்களை மாறி மாறி விரைந்து வாசிக்கும் டிரிலை பாக் காலத்தில் மேற்சுரத்தில் தொடங்குவார்கள். 19ஆம் நூற்றாண்டில் எழுதிய சுரத்திலேயே தொடங்கும் வழக்கம் பரவியது. குறி அதேதான், காலம்தான் வேறு.

தமிழகத்துக்கு மேற்கத்திய இசை ஆங்கிலேயரின் கோட்டைப் பேண்டுகளின் வழியே முன்பே வந்துவிட்டது. அந்த மெட்டுகளுக்கு முத்துசுவாமி தீட்சிதர் சமஸ்கிருதச் சொல்லிட்ட உருப்படிகளுக்கு நோட்டுஸ்வரம் என்றே பெயர். எதிர்த்திசையில் நடந்தவர் ஏ. எம். சின்னசாமி முதலியார். 1890களின் தொடக்கத்தில் சென்னையில் அவர் கர்நாடக உருப்படிகளை ஐந்து கோட்டு லிபியில் அச்சிட்டார். கோடுகளில் சுரத்தின் இடம் பிடிபட்டது. இரண்டு சுரங்களுக்கு இடையே நடப்பது முழுதாகப் பிடிபடவில்லை. தீட்சிதர் மரபில் வந்த சுப்பராம தீட்சிதர் தாம் அறிந்ததை எல்லாம் நூலாக்க வேண்டும் என்று எட்டயபுரம் சமஸ்தானத்தை வற்புறுத்தியவரும் அவரே.

அப்படி வந்தது 1904இல் எட்டயபுரத்தில் தெலுங்கு எழுத்தில் அச்சான ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’. அதில் சுரத்தை அசைக்கும் கம்பிதத்துக்கு நெளிகோடு, இரட்டைச் சுரத்தில் இரண்டாவதை அழுத்தும் ஸ்புரிதத்துக்கு முக்கோணமாய் மூன்று புள்ளி, வழுக்கி மேலேறும் ஏற்ற ஜாருக்கு மேல்நோக்கிய சாய்கோடு, இறக்க ஜாருக்குக் கீழ்நோக்கியது. நெளிகோடு பியானோத் தாளிலும் உண்டு. டிரிலை ஒட்டிக் கிடையாகப் போனால் டிரில் நீளும், செங்குத்தாக நின்றால் சுரக்கொத்தைச் சிதறவிட்டு வாசிக்க வேண்டும். கம்பிதம் அங்கே நடக்காது, பியானோக் கட்டை வளையாதே! சுப்பராம தீட்சிதர் ஒவ்வொரு குறிக்கும் வீணைத் தந்தியில் விரல் செய்வதைச் சொல்லியே விளக்கம் எழுதினார். என் கணக்கில், அந்நூலின் பெரிய சாதனை இந்த விளக்கங்கள்தான்; குறியை மட்டும் விட்டுச் சென்றிருந்தால் அது வெறும் கோலம்.

பின்னாளில் சென்னை மியூசிக் அகாடமி இந்நூலைத் தமிழ் எழுத்தில் பகுதி பகுதியாக வெளியிட்டது. ஆனாலும் இன்றைய பாட்டு வகுப்பு நோட்டுகளில் சரிகமபதநியைத் தாண்டி இந்தக் குறிகளைக் காண்பது அரிது. கமகம் ஆசிரியர் வாயிலிருந்தே வருகிறது.

சென்னைப் புறநகரில் மாடம்பாக்கம், சேலையூர் பக்கம் லண்டன் டிரினிட்டி கல்லூரித் தேர்வுக்குப் பியானோ பழகும் பிள்ளைகளுக்குக் கேட்டே பழகும் அந்த வசதி குறைவு, தாள்தான் துணை. புரியாத குறி கண்டால் முதலில் இசையமைப்பாளரின் காலத்தைப் பாருங்கள், பிறகு பக்கத்தின் அடிக்குறிப்பை. அப்போதும் பிடிபடாவிட்டால் ஆசிரியரை ஒரு முறை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.