இலச்சினை வடிவமைப்பு: மதுரைக் கோபுரமும் தமிழ்நாடு அரசு முத்திரையும்

இலச்சினை என்பது ஓர் அரசையோ, நிறுவனத்தையோ, கடையையோ பார்த்தவுடன் அடையாளம் காட்டும் சுருக்கமான குறி. அச்சகங்களிலும் டிடிபி கடைகளிலும் லோகோ என்றே வழங்குகிறது. வரையச் சொல்பவரும் வரைபவரும் பலமுறை பேசித் திருத்தியே பெரும்பாலான இலச்சினைகள் உருவாகின்றன. தமிழ்நாட்டில் இலச்சினைக்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு மாநில அரசின் கோபுர முத்திரை. ரேஷன் அட்டை, பட்டா, அரசாணை என்று தமிழர் கையில் அது படாத நாள் குறைவு.

இம்முத்திரையை 1949-இல் வரைந்தவர் மதுரையில் பிறந்த ஓவியர் ஆர். கிருஷ்ணா ராவ். நாடு விடுதலை பெற்றுச் சில காலமே ஆகியிருந்ததால், சென்னை மாகாண அரசுக்குப் புதிய அடையாளம் வேண்டியிருந்தது. அசோகரின் சிங்கத் தூண் தலைப்பும் இருபுறமும் தேசியக் கொடியும் அதில் இடம்பெற்றன. இவை நாடு முழுமைக்கும் பொதுவானவை. தென்னாட்டுக்கு உரியதாக எதைச் சேர்ப்பது என்பதே ஓவியர் முன் இருந்த கேள்வி. அவர் சிங்கங்களுக்குப் பின்னால் ஒரு கோபுரத்தை எழுப்பினார். மதச்சார்பற்ற அரசின் முத்திரையில் கோயில் கோபுரம் இருக்கலாமா என்ற ஆட்சேபம் எழுந்ததுண்டு. கோபுரம் திராவிடக் கட்டடக் கலையின் அடையாளம் என்பது அதற்குச் சொல்லப்பட்ட பதில். இலச்சினை வரைபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆட்சேபம் வந்ததும் படத்தை மாற்றிவிடாமல், அந்தப் படம் ஏன் அங்கே இருக்கிறது என்று காரணம் காட்டியதால்தான் கோபுரம் நிலைத்தது.

அது எந்தக் கோபுரம் என்ற வழக்கு இன்றும் ஓயவில்லை. திருவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் கோபுரம் என்றே பலர் நம்புகிறார்கள். அரசுக்கு அதைப் பரிந்துரைத்தவர் ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் என்றும் சொல்வதுண்டு. கிருஷ்ணா ராவோ தாம் வரைந்தது மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் மேலக் கோபுரம் என்றே கூறியிருக்கிறார். இரண்டையும் நேரில் பார்த்தால் குழப்பத்தின் காரணம் விளங்கும். மதுரை மேலக் கோபுரம் ஒன்பது நிலை கொண்டது. நிலைதோறும் சுதைச் சிற்பங்கள் வண்ணம் பூசி நெருக்கமாக நிற்கின்றன. திருவில்லிபுத்தூர்க் கோபுரத்துக்குப் பதினொரு நிலை. சிற்பக் கூட்டம் குறைவு என்பதால் அதன் விளிம்புக் கோடு தெளிவாகத் தெரியும். முத்திரைக்குள் வரும்போது எந்தக் கோபுரமானாலும் சிற்பங்களை இழந்து, மேலே போகப்போக ஒடுங்கும் அடுக்குகளும் உச்சிக் கலசங்களுமாக மிஞ்சும். அப்படிச் சுருங்கிய வடிவம் திருவில்லிபுத்தூரை நினைவூட்டுவதில் வியப்பில்லை. ஓவியரின் சொல்லுக்கே இங்கு எடை அதிகம். ஆனாலும் இரண்டு ஊரார் தங்கள் கோபுரம் என்று உரிமை கொண்டாடும் அளவுக்கு ஒரு வடிவம் பொதுவாக நிற்கிறதென்றால், அது அந்த வடிவத்தின் பெரிய வெற்றி.

படம் நிலைத்தது, எழுத்து மாறியது. அண்ணா ஆட்சிக்கு வந்தபின் ‘சத்யமேவ ஜயதே’ இருந்த இடத்தில் ‘வாய்மையே வெல்லும்’ வந்தது. 1969 ஜனவரி 14 அன்று மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு ஆனதும், ‘தமிழ்நாடு அரசு’ என்ற சொற்கள் வளைவில் ஏறின. வட்ட விளிம்பில் தமிழை எழுதுவது எளிதான வேலையன்று. ‘வாய்மையே வெல்லும்’ என்பதில் மூன்று புள்ளிகள், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் கொம்பு எல்லாம் உண்டு. ரப்பர் ஸ்டாம்ப் அளவுக்குச் சுருக்கும்போது முதலில் மறைவது புள்ளி. புள்ளி போனால் மெய்யெழுத்து உயிர்மெய்யாகிவிடும். ஆகவே கோட்டின் தடிப்பை ஒட்டிப் புள்ளியின் அளவைத் தனியாகக் கூட்டுவது வழக்கம்.

இலச்சினை உருவாகும் வழி எங்கும் ஒன்றல்ல. 1986-இல் ஸ்டீவ் ஜாப்ஸின் நெக்ஸ்ட் நிறுவனத்துக்கு அமெரிக்க வடிவமைப்பாளர் பால் ராண்ட் ஒரே ஒரு வடிவத்தைத்தான் கொடுத்தார். கட்டணம் 1,00,000 டாலர். தமிழகத்தைச் சேர்ந்த உதயகுமார் வரைந்து, 2010 ஜூலை 15 அன்று ஏற்கப்பட்ட ரூபாய்க் குறி பொதுப்போட்டியில் தேர்வானது. போட்டியில் வரைபவரும் வரையச் சொல்பவரும் உட்கார்ந்து பேச வழியில்லை.

மதுரையின் மாசி வீதிகளிலும் டவுன்ஹால் ரோட்டிலும் நடந்தால் கடைப் பலகைகளில் கோபுரம், மீன், தாமரை, மல்லிகை, காளை ஆகியவை திரும்பத் திரும்பக் கண்ணில் படும். ஊர்ப் பெருமையாகவும் மங்கலமாகவும் கருதித்தான் கடைக்காரர்கள் இவற்றைக் கேட்கிறார்கள். ஆயினும் பத்துக் கடைக்குப் பொதுவான படம் எந்தக் கடையையும் தனித்துக் காட்டாது. இங்கேதான் வடிவமைப்பாளர் பேச வேண்டும். வாடிக்கையாளர் சாம்பிளைப் பார்த்து “கலர் பிடிக்கல, கொஞ்சம் பெருசா போடுங்க” என்றால், அந்தச் சொல்லின் பின்னால் இருக்கும் குறையை விசாரிப்பது நல்லது. ரோட்டுக்கு எதிர்ப்புறம் நின்றால் பெயரைப் படிக்க முடியவில்லை என்பது பலவேளை உண்மையான குறையாக இருக்கும். எழுத்தின் இடைவெளியைச் சற்றுக் கூட்டினாலே அது தீர்ந்துவிடும். முதல் சாம்பிளைக் கறுப்பு வெள்ளையில் காட்டுவது பயன் தரும். நிறத்தைப் பற்றிய பேச்சு எழாமல் வடிவத்தின் மீது கண் போகும். கருத்துச் சொல்பவர் ஒருவராக இருப்பதும் முக்கியம். அண்ணன், மைத்துனர், பங்காளி எனத் தனித்தனியே கரெக்‌ஷன் சொன்னால், ஒருவர் கேட்டதை இன்னொருவர் அழிக்கச் சொல்வார்.

ஒப்புதலான வடிவத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத வெக்டர் கோப்பாக வாங்கி வைக்க வேண்டும். வணிகக் குறிகளை 1999-ஆம் ஆண்டின் வணிக முத்திரைச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்யலாம். பதிவு பத்தாண்டு செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். அசோகச் சிங்கத்தை மட்டும் தனியார் தங்கள் குறியில் சேர்க்கக் கூடாது. 2005-ஆம் ஆண்டின் அரசு இலச்சினைச் சட்டம் அதைத் தடுக்கிறது.